மூன்றாவது குழாய்

ரயில் பாலத்துக்குக் கீழே என் பட்டறை.
குத்தாயிசியில் குளிர்காலம் என்றால்
கால் பங்கு பனி, முக்கால் பங்கு சேறு.
அந்தச் சேற்றில் வந்து நின்றது ஒரு நீல ஓப்பல்.
நின்றது என்றா சொன்னேன்?
காய்ச்சல்காரன் கம்பளிக்குள் நடுங்குவது போல
நின்ற இடத்தில் உதறிக்கொண்டிருந்தது.
முன்கண்ணாடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாய்
எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று
தலையாட்டியது.

ஓட்டி வந்தவர் ஜும்பெர்.
பின்னால் ஆறு பெட்டி கமலா ஆரஞ்சு,
நடுவே இடுக்கிக்கொண்டு மகள் நுட்சா.
"சிக்னலில் காலை எடுத்தால் செத்துவிடுகிறது, லமாரா.
பிளக் மாற்றினேன். காயில் மாற்றினேன்.
மச்சான் சொன்னான் என்று பேட்டரியும் மாற்றினேன்."
இனி மச்சானைத்தான் மாற்ற வேண்டும் என்றேன்.
சிரிக்கவில்லை. செலவு அப்படி.

நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனை இன்ஜெக்டர்மேல்,
பிடி என் காதுக்குப் பின்னால், எலும்பில்.
ஒன்று: டிக் டிக் டிக்.
இரண்டு, அதே கறார்.
நான்கிலும் குறையில்லை.
மூன்றாவதிலும் சத்தம் உண்டுதான்,
ஆனால் கதவைத் தட்டிவிட்டு
உள்ளே வரத் தயங்குகிறவரின் சத்தம்.

பம்ப் பியூஸைப் பிடுங்கினேன்.
குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலை
எஞ்சினே குடித்துத் தீர்த்து அடங்கியது.
நான்கையும் உருவியபோது
ரப்பர் வளையங்கள்
ஆரஞ்சுக் காம்பு போலக் காய்ந்திருந்தன.

சோதனை மேசையில் நான்கு கண்ணாடிக் குழாய்கள்.
"குடிக்கிறதா இது?" நுட்சா கேட்டாள்.
கார் குடிக்கும், நீ தள்ளி நில்.
விளக்கு வெட்டி வெட்டி எரிந்தது.
மூன்று வாய்கள் மூடுபனியை
விசிறி போல விரித்தன.
மூன்றாவதில் ஒரு நூல்,
அப்புறம் ஒரு சொட்டு.
அப்புறம் யோசனை.
நாற்பத்தாறு, நாற்பத்தைந்து, இருபத்தொன்பது, நாற்பத்தாறு.

ஜும்பெர் குனிந்து அந்தக் குறைந்த மட்டத்தையே
பார்த்துக்கொண்டிருந்தார்,
மகளின் மார்க் ஷீட்டைப் பார்ப்பது போல.
மற்ற மூன்றும் நன்றாக இருப்பதால்தான்
வண்டி உதறுகிறது என்றேன்.
நான்கும் அடைத்திருந்தால் வெறுமனே சோம்பியிருக்கும்.
வயசாகிவிட்டது என்று நீங்களும் விட்டிருப்பீர்கள்.

அல்ட்ராசானிக் தொட்டியில் இருபது நிமிஷம்.
தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு ரீங்காரம்.
நுனித் துளையிலிருந்து
சாம்பல் நிறத்தில் எதுவோ புகைந்து வெளியேறியது.
எந்த ஊர் பங்கில் போட்ட பெட்ரோலோ.

அதற்குள் தேநீர்.
இரண்டு மாதமாக சிக்னல்தோறும் மிதித்து மிதித்து
தூக்கத்திலும் வலது கால் மிதிக்கிறதாம்.
"வீட்டில் அவளுக்குத்தான் உதை," என்றார்.
இப்போது சிரித்தார். ஒரு பழத்தை உரித்து
பாதியை என் பக்கம் நகர்த்தினார்.
கையில் பெட்ரோல் வாடை. அப்படியே தின்றேன்.

மறுபடி மேசை. மறுபடி விளக்கு.
இந்த முறை நுட்சாதான் படித்தாள்,
கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி:
"நாற்பத்தாறு, நாற்பத்தாறு, நாற்பத்தாறு...
இதில் ஒன்று கம்மி."
அந்த ஒன்றை எஞ்சின் மன்னித்துவிடும் என்றேன்.

புது வளையங்களில் ஆயில் தடவி அழுத்தினேன்.
நான்கும் உட்கார்ந்தன.
சாவியைத் திருப்பினார் ஜும்பெர்.
கொஞ்சம் பொறுத்து
மறுபடியும் திருப்பினார்.
கர்ர்ரக் என்று பற்கள் அலறின.
ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, விடுங்கள்!
கையை விட்டார்.
காலை மட்டும் விடவில்லை.
அதற்கு நம்பிக்கை வர
இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நாய் செத்துப்போச்சா?"
பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள் நுட்சா.
பிளாஸ்டிக் தலை அசையாமல்
என்னையே முறைத்தது.
ஒன்றரை மணி நேர வேலையில்
ஒரு பொம்மையைக் கெடுத்தவளாக நின்றேன்.

பள்ளத்தில் இறங்கினால் ஆட்டும் என்று சொன்னேன்.
வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது.
எங்கள் தெருவில்
பள்ளத்துக்கா பஞ்சம்.